ஒரு வாளிக் கடல்மணலும் என் பொறந்தநாளும்

ஹூப் வர்றான்னா மொதல்ல அவன் மூக்கு வரும், அப்புறம் அவன் புளுகு வரும், கடைசியாத்தான் ஆள் வருவான்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. அந்த ஹூப் நான்தான். மூக்கைப் பத்தி நான் சண்டைக்குப் போறதில்ல. மழை பேஞ்சா என் மீசை நனையாது, அவ்வளவு பெருசு. ஆனா புளுகுன்னு சொன்னா கோவம் வந்துரும். நான் எங்க புளுகறேன்? நடந்ததுக்குக் கொஞ்சம் தீனி போட்டுக் கொழுக்க வெப்பேன், அவ்வளவுதான்.

நெதர்லாந்துக்குத் தெக்கு மூலையில, ஒரு பக்கம் பெல்ஜியமும் இன்னொரு பக்கம் ஜெர்மனியும் நெருக்கிக்கிட்டு நிக்கிற லிம்பர்க் சீமை எங்களுது. பள்ளிக்கூடத்துல ஆறு வருசம் இருந்தேன். அதுல மூணு வருசம் ஒரே வகுப்பு. வாத்தியாரு எங்கப்பாவைக் கூப்பிட்டு, "உன் பையனுக்குச் சொல்லிக் குடுத்துச் சொல்லிக் குடுத்து எனக்குத் தெரிஞ்சதும் மறந்துபோச்சுய்யா, கூட்டிட்டுப் போயிரு"ன்னாரு. பதினஞ்சு வயசுல நிலக்கரிச் சுரங்கத்துல எறங்கினேன். நான் எறங்கின கொஞ்ச வருசத்துலயே அரசாங்கம் எல்லாச் சுரங்கத்தையும் மூடிருச்சு. காரணம் நான் இல்லைன்னு இன்னும் யாரும் எழுத்துல தரலை. அப்புறம் ரொட்டி வண்டி ஓட்டினேன், பன்னி மேய்ச்சேன், பீர் பீப்பா உருட்டினேன். முப்பத்தொம்பது வயசுல அமெரிக்கச் சிப்பாய்ங்க கல்லறைத் தோட்டத்துல தோட்டக்காரன் வேலை கெடைச்சுது. ஒரு காலத்துல மண்ணுக்கு அடியில வேலை பாத்தவன், அன்னையிலேர்ந்து மண்ணுக்கு அடியில இருக்கறவங்களுக்கு மேல வேலை பாக்கறேன். பதவி உசந்துருச்சு.

எட்டாயிரத்துச் சொச்சம் பேரு படுத்திருக்காங்க அங்க. எல்லாருக்கும் வெள்ளைப் பளிங்குல சிலுவை, யூதப் பசங்களுக்கு மட்டும் நட்சத்திரம். எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் நூல் புடிச்ச மாதிரி வரிசை. புல்லும் அப்படித்தான் வெட்டணும். மொத வாரம் நான் வெட்டின கோட்டை மேஸ்திரி ஸெஃப் வந்து பாத்தான்.

"டேய் ஹூப்பு, நீ வெட்டினியா, ஆடு மேஞ்சுதா?"

ஆடுன்னு சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பேன். யோசனை வரலை.

ஆனா எனக்கும் அந்தத் தோட்டத்துக்கும் ஒறவு அதுக்கு முன்னாடியே உண்டு. ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்ச வருசம் எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு ஒரு சிப்பாய் கல்லறையைத் தத்து எடுத்துக்கிட்டாங்க. பூ வெக்கறது, பொறந்தநாளுக்குப் போய் நிக்கறது, அமெரிக்காவுல இருக்கற அம்மா அப்பாவுக்குக் காயிதம் போடறது எல்லாம் அந்த வீட்டு வேலை. தாய் போனா மகளுக்கு வரும். இப்ப அந்தக் கல்லறைங்களுக்கு எவ்வளவு கிராக்கின்னா, ஒண்ணு காலியாகாதான்னு சனங்க வருசக்கணக்குல வரிசையில நிக்கறாங்க. என் சம்சாரம் ஃபீன் வீட்டுல மெர்ல்னு ஒரு பையனை எடுத்திருந்தாங்க. இருவது வயசு. அயோவாவுல சோளக் காட்டுக்காரன் மவன். ஆத்தைத் தாண்டி ஜெர்மனிக்குள்ள போகும்போது செத்தவன். நான் ஃபீனைக் கட்டினப்போ சீரா வந்தது ஒரு அலமாரி, ரெண்டு புறாக்கூண்டு, மெர்ல். அலமாரி பூச்சி அரிச்சுருச்சு. புறா பறந்துருச்சு. மெர்ல் மட்டும்தான் இன்னும் நம்ம வீட்டு ஆளா இருக்கான்.

சரி, மணலுக்கு வர்றேன்.

பளிங்குல வெட்டின பேரு வெள்ளையில வெள்ளையா இருக்கும், போட்டோ புடிச்சா ஒண்ணும் தெரியாது. அதனால அமெரிக்காவுலேர்ந்து சொந்தக்காரங்க வந்தா, நாங்க ஒரு வாளி ஈர மணலோட போவோம். எழுத்து மேல மணலைத் தேச்சு, மேலாப்புல பஞ்சால தொடைச்சா, பள்ளத்துல மட்டும் மணல் நிக்கும். பேரு தங்கத்துல எழுதின மாதிரி ஜொலிக்கும். போட்டோ எடுத்ததும் தண்ணி ஊத்திக் கழுவிருவோம். அந்த மணல் சாதா மணல் இல்ல. பிரான்சுல நார்மண்டிக் கடக்கரையிலேர்ந்து வருது. இந்தப் பசங்கள்ல நெறையப் பேரு, நம்ம மெர்லும்தான், குண்டு மழையில மொதமொதல்ல கால் வெச்ச கரை. எங்க அமெரிக்க சூப்பரண்டு டிட்வெல் சார் மொத நாளே சொல்லிட்டாரு, "ஹூப், இந்த வாளியைக் கோயில் பாத்திரம் மாதிரி வெச்சுக்கணும்"னு. பேன்ட்டு மடிப்புல காய்கறி நறுக்கலாம், அப்படிப்பட்ட மனுசன். நான் தலையாட்டினேன். தலையாட்டறதுல என்னை மிஞ்ச எங்க சீமையில குதிரை கூடக் கெடையாது.

இதுல என் பங்கு என்னன்னா, வர்றவங்களுக்குக் கதை சொல்றது. "இந்த மணலை நானே போயி அள்ளிட்டு வந்தேன். அங்க அலை எப்படி வரும்கிறீங்க? தேவாலயக் கோபுரம் எந்திரிச்சு நடந்து வர்ற மாதிரி வரும்!"னு கையைத் தூக்கிக் காட்டுவேன். அந்தப் பக்கமே நான் போனதில்ல. மணல் லாரியில வரும், எறக்கி வெப்பேன். கடலைத் தீனி போட்டுக் கொழுக்க வெச்சது நான்தான்.

2004 டிசம்பர்ல எனக்கு அம்பத்தெட்டு முடிஞ்சுது. எங்க ஊர்ல யாருக்குப் பொறந்தநாளோ அவன்தான் எல்லாருக்கும் ஃப்ளாய் வாங்கிட்டு வரணும். ஃப்ளாய்ன்னா ஒரு அகலத் தட்டு மாதிரி வட்ட மாவுல பழம் நெரப்பிச் சுட்டது. அது இல்லாம பொறந்தநாள் கொண்டாடினா, நீ பொறக்கவே இல்லைன்னு சொல்லிருவாங்க. செர்ரி ஃப்ளாய் ரெண்டு வாங்கிட்டுப் போனேன். சைக்கிள்ல போனதுல ஒண்ணோட அட்டை நனைஞ்சு பிஞ்சு, ஃப்ளாய் நடுவுல தொங்குது. கல்லறைத் தோட்டத்துச் சாமான் கொட்டகையில சுத்திப் பாத்தேன். மணல் வாளி மூடி கண்ணுல பட்டுது. எடுத்துக் கழுவி ஃப்ளாய்க்கு அடியில வெச்சேன். அளவெடுத்துத் தச்ச மாதிரி உக்காந்துச்சு! எனக்குப் பெருமை தாங்கலை.

"பாத்தியாடா ஸெஃப்பு, மூளை!"

"மூளையை அப்புறம் காட்டு, மொதல்ல துண்டு போடு"ன்னான் அவன்.

மூடியைத் திருப்பி வெக்க மறந்துட்டேன். ஒரு நாள் இல்ல, நாலு நாள். எங்க கொட்டகையில கர்னல்னு ஒரு கெழட்டுப் பூனை உண்டு. அந்த வாரம் வெளிய நெலம் கல்லாட்டம் ஒறைஞ்சு கெடந்துச்சு. கர்னல் குழி பறிச்சுப் பாத்திருக்கும், முடியலை. உள்ள வந்து பாத்தா, நல்ல மெத்துனு ஒரு வாளி மணல், மூடி இல்லாம, தனக்குன்னே வெச்ச மாதிரி. நாலு நாளும் சொகுசா உபயோகிச்சிருக்கு. அஞ்சாம் நாள் நான் கொட்டகைக் கதவைத் தொறந்தேன். என் மூக்கோட அளவை மேல சொல்லிட்டேன். மத்தவங்களுக்கு வர்ற நாத்தம் எனக்கு எட்டு மடங்கு வரும்.

டிட்வெல் சார்கிட்டப் போயி "கோயில் பாத்திரத்துல பூனை போயிருச்சு சார், மூடியில நான் கேக்கு வெச்சிருந்தேன்"னு எப்படிய்யா சொல்றது? மொத்த மணலையும் கொண்டுபோயி குப்பையில கொட்டினேன். அடுத்த லாரி வர இன்னும் ஒரு வருசம். வேற மணல் வேணும், கடல்மணல் மாதிரியே பழுப்பா வேணும். எங்க ஊர்ல தோண்டற மணல் உப்பாட்டம் வெள்ளை, பளிங்குல தெரியாது. வெளிய கெடக்கற மணல் எல்லாம் ஒறைஞ்சு போச்சு. ஊர்ல கூரைக்கு அடியில பழுப்பு மணல் இருக்கற எடம் ஒண்ணே ஒண்ணு, குதிரையேத்தம் பழகற கொட்டகை. ஒரு வாளி அள்ளினேன். சல்லடையில சலிச்சேன், அலசினேன், காய வெச்சேன். தேச்சுப் பாத்தா, ஐயோ, அந்தப் பழைய மணலை விட ஜோரா ஜொலிக்குது! ஒரு நாள் டிட்வெல் சாரே வந்து, "ஹூப், இந்தத் தடவை எழுத்து ரொம்ப நல்லா வந்திருக்கே"ன்னாரு. "கை ராசி சார்"னேன். குளிர்காலத்துல வர்றவங்க கொஞ்சம், வந்தவங்களும் போட்டோவோட போயிட்டாங்க. கழுவினா போச்சு, யாருக்கு என்ன நஷ்டம்னு நான் பாட்டுக்கு இருந்தேன்.

மே மாசம் கடைசியில வருசாந்தர நினைவு நாள் வரும். அதுக்கு மெர்லோட தங்கச்சி வெர்னாம்மா வந்தாங்க. எழுவத்தாறு வயசு. மொத தடவை இல்ல, இது நாலாவது. எப்பவும் எங்க வீட்டு மாடி ரூம்லதான் தங்குவாங்க. கொக்கு மாதிரி ஒல்லி. கண்ணு மட்டும் பருந்து. வெள்ளிக்கிழமை காலையில வாளியோட மெர்ல் கல்லுக்குப் போனோம். நான் தேச்சேன், பேரு ஜொலிச்சுது, அவங்க போட்டோ எடுத்தாங்க. வழக்கம்போல நானும் அலையை எந்திரிச்சு நடக்க வெச்சேன்.

அப்ப வெர்னாம்மா கைப்பையிலேர்ந்து ஒரு சின்ன ஜாம் பாட்டில் எடுத்தாங்க. கழுவித் தொடைச்சு, புதுசா.

"தம்பி ஹூப், இதுல கொஞ்சம் போட்டுக் குடுப்பியா?"

வேண்டாம்னு சொல்ல வாயைத் தொறந்தேன். தொறந்த வாய் என்ன சொல்லுச்சு தெரியுமா? "நெறையவே போடறேம்மா, நம்மகிட்ட இல்லாத மணலா!" இந்த வாயை ஒரு நாள் தனியா எங்கயாவது விட்டுட்டு வரணும். பாட்டிலை நெரப்பி, மூடியை இறுக்கிக் குடுத்தேன். அவங்க ரெண்டு கையாலயும் வாங்கி நெஞ்சோட வெச்சுக்கிட்டாங்க.

அன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு உக்காந்தோம். வெள்ளை அஸ்பாரகஸ் சீசன். வேக வெச்ச தண்டு, மேல உருக்கின வெண்ணெ, முட்டை, பன்னி இறைச்சி. வருசம் பூரா நான் காத்திருக்கற சாப்பாடு. அப்பத்தான் ஃபீன் கேட்டா, "அந்த மணலை என்ன செய்யப் போறீங்கக்கா?"

வெர்னாம்மா முள்கரண்டியைக் கீழ வெச்சாங்க.

"சண்டை முடிஞ்சு ரெண்டு வருசம் கழிச்சு எங்கம்மாவுக்கு ஒரு காயிதம் வந்துச்சு. பையன் ஒடம்பை ஊருக்கு அனுப்பட்டுமா, அங்கயே கூட்டாளிங்களோட விட்டுரட்டுமான்னு. உங்கம்மா எழுதின காயிதமெல்லாம் படிச்சுட்டு, இங்கயே இருக்கட்டும், நல்லாப் பாத்துக்கறாங்கன்னு எங்கம்மா கையெழுத்துப் போட்டாங்க. போட்ட அன்னையிலேர்ந்து சாகற வரைக்கும் போட்டது சரியா தப்பான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. எங்க ஊர்ல அப்பா கல்லுக்கும் அம்மா கல்லுக்கும் நடுவுல ஒரு ஆள் படுக்கற எடம் காலியா கெடக்குது. மெர்ல் பேருல கல்லு இருக்கு, கீழ ஒண்ணும் இல்ல. அவன் கால் பட்ட மண்ணாவது போடலாம்னு. எனக்கும் வயசாச்சு. இனிமே வர முடியாது, அதனால கடைசியா கேட்டு வாங்கிட்டேன்."

எனக்கு அஸ்பாரகஸ் தொண்டையில நட்டுக்க நின்னுருச்சு. ஃபீன் முதுகுல குத்தின குத்துல அந்தத் தண்டு பெல்ஜியம் போய் விழுந்திருக்கும்.

பாத்திரம் கழுவும்போது ஃபீன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். பூனை, மூடி, குதிரை, எல்லாம். அவ கையில சோப்பு நுரையோட சிரிக்கறா, சிரிக்கறா, சுவத்துல சாஞ்சு சிரிக்கறா.

"யோவ், போன வாரம் டிட்வெல் சாருக்கு மரக்கால்னு சொன்னே. அதுக்கு முன்னாடி நம்ம புறா லண்டன் போய்ட்டு வந்துச்சுன்னே. இப்ப இதா?"

"இது நெசம்டி!"

"மரக்காலும் நெசம்னுதான்யா சொன்னே."

சனிக்கிழமை காலையில தைரியத்தை இழுத்துப் புடிச்சுக்கிட்டு வெர்னாம்மாகிட்டயே போயிட்டேன். எங்க வீட்டுத் தோட்டத்துல காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

"அம்மா, அந்த மணல் கடல்மணல் இல்ல. குதிரைக் கொட்டகை மணல்."

அவங்க என்னை ஒரு நிமிசம் பாத்தாங்க. அப்புறம் காப்பி சிந்தற அளவுக்குச் சிரிச்சாங்க. "பொல்லாத ஆளுய்யா நீ! உங்க மாமியார் காயிதத்துலயே எழுதியிருந்தாங்க, மாப்பிள்ளை நல்லவன், ஆனா ஒரு வார்த்தை நம்பாதேன்னு."

"சத்தியமாம்மா!"

"அப்படியே நில்லு, இந்த மூஞ்சியை ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

எடுத்தாங்க. அவங்க அப்புறம் அனுப்பி வெச்ச அந்தப் போட்டோவை நான் இன்னும் வெச்சிருக்கேன். அம்பது வருசமா ஊரைச் சிரிக்க வெச்சவன் மூஞ்சி, தானே அழப் போற மாதிரி இருக்கும். அன்னிக்கு பூரா நான் கேட்டுக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான்: வாழ்க்கையில ஒரே ஒரு உண்மையாவது கைவசம் சேத்து வெச்சிருக்கக் கூடாதாடா மடையா?

ஞாயித்துக்கிழமை நினைவு நாள். கொடி, பேண்டு, வானத்துல விமானம், வரிசை வரிசையா பூவளையம். ஊரே கூடியிருந்துச்சு. நான் இருக்கற ஒரே நல்ல ஷூவைப் போட்டுக்கிட்டு, மெர்ல் கல்லு பக்கத்துல ஃபீனோட நின்னேன். எல்லாம் முடிஞ்சு சனங்க கலையற நேரம். பக்கத்துக் கல்லுக்கு டெக்சாஸ்லேர்ந்து ஒரு அம்மா வந்திருந்தாங்க, அந்தச் சிப்பாயோட அண்ணன் மவளாம். வெர்னாம்மா அவங்களுக்குப் பாட்டிலை எடுத்துக் காட்டினாங்க. அந்தம்மா கண்ணு நெறைஞ்சு போச்சு. "எனக்கு ஒரு சிட்டிகை குடுப்பீங்களா?"ன்னு கைக்குட்டையை விரிச்சாங்க.

வெர்னாம்மா மூடியைத் திருகறாங்க. எனக்கு ஒரு பக்கம் அயோவா, இப்ப டெக்சாஸ். இப்படியே விட்டா எங்க ஊர்க் குதிரைக் கொட்டகை அமெரிக்கா முழுக்கப் பரவி, ஒவ்வொரு மாகாணத்துலயும் ஒரு கல்லுக்கு அடியில உக்காந்துரும். பாஞ்சு போயி பாட்டிலைப் புடுங்கிட்டேன்.

"ஹூப்!"னு ஃபீன் கத்தறா.

உள்ளங்கையில கொஞ்சம் கொட்டி வெர்னாம்மா மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். "அம்மா, நான் சொல்றதை நம்ப வேண்டாம். மோந்து பாருங்க."

வெர்னாம்மா சோளக் காட்டுல பொறந்து வளந்தவங்க. ஏழு குதிரை இருந்த வீடு. குனிஞ்சு ஒரே ஒரு தடவை மூச்சை இழுத்தாங்க. முகத்துல இருந்த சிரிப்பு அப்படியே நின்னு, கொஞ்சம் கொஞ்சமா எறங்கிப் போச்சு. விரலால கெளறினாங்க. எத்தனை சலிச்சாலும் தப்பிச்ச ஒரு வைக்கோல் துண்டு, நகத்தளவு, அவங்க விரல் நுனியில வந்துச்சு.

"நேத்தே சொன்னியே"ன்னாங்க மெதுவா.

"ஆமாம்மா."

"நான் சிரிச்சேன்."

"எல்லாரும்தாம்மா சிரிக்கறாங்க. என் தப்பு."

"எங்கம்மா பக்கத்துல குதிரைச் சாணியைக் கொண்டுபோய் வெக்க இருந்தேனா?" சத்தமே போடலை. சத்தம் போட்டிருந்தா தாங்கியிருப்பேன். பாட்டிலை என் கையிலேர்ந்து வாங்கி, இருந்த மணலை எல்லாம் என் நல்ல ஷூ மேல கவுத்தாங்க. நிதானமா, கடைசிப் பொடி வரைக்கும் தட்டி. டெக்சாஸ் அம்மா கைக்குட்டையை மடிச்சு உள்ள வெச்சுக்கிட்டாங்க.

திரும்பிப் பாத்தா பின்னாடி டிட்வெல் சார். எல்லாத்தையும் கேட்டிருக்காரு. நான் பூனையிலேர்ந்து ஆரம்பிச்சு ஒரு துளி தீனி போடாம சொன்னேன். என் வாழ்க்கையில நான் சொன்ன கதையிலயே ரொம்பச் சின்னது அதுதான்.

"வேற யாராவது மணல் எடுத்துட்டுப் போனாங்களா?"

"இல்ல சார், இவங்க மட்டும்தான். மத்தவங்க போட்டோதான்."

அவரு வெர்னாம்மாவைப் பாத்தாரு, என் ஷூவைப் பாத்தாரு. "நாளைக்கு உனக்கு லீவு. கொட்டகையில காலி வாளி ரெண்டு இருக்கு"ன்னு சொல்லிட்டு நடந்துட்டாரு. ரெண்டு காலும் ஒரிஜினல்னு நான் அன்னிக்குத்தான் கவனமா பாத்தேன்.

"நான் நார்மண்டிக்கே போயி எடுத்துட்டு வந்துர்றேம்மா"ன்னேன் வெர்னாம்மாகிட்ட. "அறுநூறு கிலோமீட்டர்தான். உங்களுக்குப் புதன்கிழமைதானே விமானம்?"

"நீ போயி எடுத்துட்டு வந்தியா, வழியில வேற எங்கயாவது அள்ளினியான்னு நான் எப்படி நம்பறது?"

நானே என்னை நம்ப மாட்டேன்.

"நானும் வர்றேன்"னாங்க.

திங்கக்கிழமை விடியும்போதே கிளம்பினோம். எங்க காரு ஒரு தகரப்பெட்டி. மேட்டுல ஏறினா நாங்க பாட்டுப் பாடி உற்சாகப்படுத்தணும். முன்னாடி நானும் வெர்னாம்மாவும், பின்னாடி ஃபீன், அவ மடியில வழிக்கு ஒரு ஃப்ளாய், கால்கிட்ட ரெண்டு வாளி. வாளிக்கு மூடியும் உண்டு. அதை ஃபீன் கயிறு போட்டு வாளியோட கட்டியிருந்தா. பெல்ஜியம் முழுக்க யாரும் என்கிட்டப் பேசலை. சுரங்கத்துல கூட அவ்வளவு இருட்டு நான் பாத்ததில்ல, அன்னிக்கு நல்ல வெயில். பிரான்சுக்குள்ள போனதும் பசி வந்துச்சு. ஃபீன் ஃப்ளாயை வெட்டி மொத துண்டு அக்காவுக்கு, ரெண்டாவது தனக்கு, மூணாவது மறுபடி அக்காவுக்குக் குடுத்தா. நான் ஓட்டினேன்.

மத்தியானம் தாண்டி போய்ச் சேந்தோம். காரை நிறுத்தி, மேட்டுலேர்ந்து எறங்கி, கரைக்கு வந்தா... கடலைக் காணோம்.

எங்க பாத்தாலும் மணல். தண்ணி வத்தி வடிஞ்சு அரைக் கிலோமீட்டர் தள்ளி, தட்டுல ஊத்தின சூப்பு மாதிரி அசையாம கெடக்குது. ஒரு அலை என் கணுக்கால் உசரம் வருமான்னு யோசிச்சுட்டு வராமலே திரும்பிப் போகுது.

வெர்னாம்மா இடுப்புல கையை வெச்சு நின்னாங்க. "எங்கய்யா உன் தேவாலயக் கோபுரம்?"

"திங்கக்கிழமை லீவு போலம்மா."

சிரிக்கலை. என்னையே பாத்தாங்க. "நீ இங்க வந்ததே இல்ல, இல்ல?"

"இல்லம்மா. இன்னிக்குத்தான் மொத தடவை."

"நானும்தான்"னாங்க. "நாலு தடவை அவன் கல்லுக்கு வந்தேன். இங்க வரணும்னு ஒரு தடவையும் தோணலை. பயம். இவ்வளவு தூரம் தொறந்த வெளியில அவன் ஓடியிருக்கணும்னு எனக்குத் தெரியாது."

செருப்பைக் கழட்டிட்டு, அந்த ஒல்லிக் காலோட, தனியா நடந்து போனாங்க. ரொம்பத் தூரம் போனாங்க. ஃபீன் பின்னாடி போகப் பாத்தா, நான் கையைப் புடிச்சு நிறுத்திட்டேன். தண்ணிகிட்டப் போயி குனிஞ்சு, ஜாம் பாட்டிலைத் தன் கையாலயே நெரப்பி, மூடிட்டு, அங்கயே கொஞ்ச நேரம் நின்னாங்க.

நான் முட்டி போட்டு ரெண்டு வாளியையும் நெரப்பினேன். வாளி நெரம்பினதும்தான் ஷூவுக்குள்ள என்னமோ உறுத்தறது தெரிஞ்சுது. அதே நல்ல ஷூதான், வேற கெடையாது. கழட்டிக் கவுத்துத் தட்டினேன். பொலபொலன்னு கொட்டுச்சு. வெர்னாம்மா அந்த நேரம் பாத்துத் திரும்பி வந்து எதுக்க நிக்கறாங்க.

ரெண்டு பேரும் கீழ பாத்தோம். பழுப்பு மேல பழுப்பு. எது கடலுது எது கொட்டகையுதுன்னு கடவுளுக்குக் கூடத் தெரியாது. நடுவுல ஒரே ஒரு வைக்கோல் துண்டு.

"குதிரை மணலைக் கொண்டாந்து இங்கயும் போட்டுட்டியா?"ன்னாங்க.

"விட்டுப் போக மாட்டேங்குதும்மா."

அப்பத்தான் சிரிச்சாங்க. மொதல்ல மூக்கால ஒரு சத்தம், அப்புறம் ஒடம்பு குலுங்க, நிக்க முடியாம என் தோளைப் புடிச்சுக்கிட்டு. சிரிப்பு எப்ப அழுகையாச்சுன்னு எனக்குத் தெரியலை, தோள் நனைஞ்சப்போதான் தெரிஞ்சுது. ஃபீன் ஓடி வந்து, "இப்ப என்னய்யா சொல்லித் தொலைச்சே?"ன்னு என்னை அடிக்கறா.

திரும்பி வரும்போது எனக்கும் ஒரு துண்டு ஃப்ளாய் கெடைச்சுது. சின்னதுதான்.

செப்டம்பர்ல அயோவாவுலேர்ந்து ஒரு காயிதம் வந்துச்சு. உள்ள ஒரு போட்டோ. ரெண்டு பழைய கல்லு, நடுவுல சின்னதா ஒரு கல்லு. அதுல வெட்டியிருந்த மெர்ல் பேரு தங்கத்துல எழுதின மாதிரி ஜொலிக்குது. நான் தேக்கற மாதிரியே தேச்சிருக்காங்க, ஓரத்துல மட்டும் கொஞ்சம் அப்பியிருக்கு, பழக்கமில்லாத கை. மிச்ச மணலை அடியில போட்டுட்டாங்களாம். போட்டோவுக்குப் பின்னாடி, "எடுத்தது நானே, அள்ளினது நானே, ஹூப்பு சொல்றதைக் கேட்டு இல்ல"ன்னு எழுதியிருந்தாங்க. ஃபீன் அதை அலமாரியில வெக்கலை, அலமாரிதான் பூச்சி அரிச்சுருச்சே. அடுப்படிச் சுவத்துல, நான் தெனமும் பாக்கற மாதிரி மாட்டியிருக்கா.

கொட்டகையில மூடிக்கு இப்ப சங்கிலியும் பூட்டும் உண்டு, சாவி டிட்வெல் சார்கிட்ட. டிசம்பர்ல என் ஃப்ளாயை ஸெஃப் வீட்டுத் தட்டுல வெச்சுத் திங்கறோம். கர்னலுக்குத் தனியா ஒரு டப்பா மணல், குதிரைக் கொட்டகையுதுதான், அதுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. வர்றவங்க, "அந்தக் கரை எப்படிங்க இருக்கும், பாத்திருக்கீங்களா?"ன்னு கேட்டா, இப்பல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்றேன்: கடல் அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்துச்சு, அலை என் கணுக்காலுக்குக் கூட வரலைன்னு.

என் மூக்கைப் பாத்துச் சிரிச்சுட்டு, ஒருத்தரும் நம்பறதில்ல.